படுகையில் சேப்பங்கிழங்கு போடுவது எப்படி

சேப்பங்கிழங்குக்குத் தண்ணீர் வேண்டும், தேங்கின தண்ணீர் ஆகாது. காவிரி டெல்டாவில் இந்தப் பயிர் கெட்டால் முக்கால்வாசி காரணம் இதுதான். வாய்க்கால் ஓரத்திலும் கொல்லையில் கழுநீர் விழும் மூலையிலும் சேம்பு காடாக மண்டுவதைப் பார்த்துவிட்டு, நெல்லுக்குக் கட்டுவது போல இதற்கும் தண்ணீர் கட்டுகிறார்கள். வாய்க்கால் ஓரத்தில் நிற்பது காட்டுச் சேம்பு. இலை முறம் போல விரியும், அடியில் கிழங்கு பேருக்குத்தான் இருக்கும், வாயில் வைத்தால் தொண்டை பிடுங்கும். நாம் கடையில் வாங்குகிற விரல் விரலான கிழங்கு வேறு ரகம். அதற்கு மண் எப்போதும் ஈரமாக இருக்கவேண்டும், வேர் மூச்சுவிட வழியும் இருக்கவேண்டும்.

ஹவாய் தீவில் சேம்பை நீர் நிற்கும் வயலில்தான் நடுகிறார்களே என்று கேட்கலாம். அங்கே வயலுக்குள் மலையிலிருந்து குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், நிற்காது. நம் வயலில் கட்டின தண்ணீர் இரண்டே நாளில் வெயிலில் சூடேறிவிடும். சூடேறிய தண்ணீரில்தான் கிழங்கழுகல் பூஞ்சாணம் வேலையைக் காட்டும்.

இதில் வரும் கணக்கெல்லாம் மாவுக்கு, அதாவது 33 சென்டுக்கு. ஏக்கருக்கு வேண்டுமானால் மூன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

எந்த இடம், எந்தப் பட்டம்

கொள்ளிடம், காவிரி, குடமுருட்டி, அரசலாற்றுப் படுகைகளில் உள்ள வண்டல் கலந்த மணற்சாரி நிலம் இதற்கென்றே அமைந்தது. வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் வரும் இடத்தில் சேப்பங்கிழங்கும் வரும். உள்ளே தள்ளி, நெல்லைத் தவிர வேறெதுவும் பார்க்காத கெட்டிக் களிமண்ணில் போடவேண்டாம். கிழங்கு கோணலாகும், வெட்டும்போது பாதி மண்ணிலேயே ஒடிந்து நிற்கும், ஐப்பசி மழைக்கு மீதியும் அழுகும். களிமண் தவிர வேறு நிலம் இல்லையென்றால் வீட்டுத் தேவைக்கு உயரமான மேட்டுப்பாத்தியில் நாலு வரிசை போடலாம், விற்பனைக்கு வேண்டாம்.

பட்டம், அதாவது நடவுப் பருவம், இரண்டு. மாசியில் நட்டால் ஆவணியில் வெட்டலாம். ஆனியில் நட்டால் மார்கழிக் கடைசியில் வெட்டிப் பொங்கல் சந்தைக்குக் கொண்டுபோகலாம். எது லாபம் என்று கேட்டால் பெரும்பாலோர் பொங்கல் பட்டத்தைத்தான் சொல்வார்கள். கிழங்கு வகைகள் அத்தனையும் ஒரே வாரத்தில் விற்றுத் தீருவது அப்போதுதான். ஆனால் அந்தப் பயிர் ஐப்பசி, கார்த்திகை அடைமழையை வயலில் நின்று தாண்டவேண்டும். கிழங்கு பருக்கிற வேளையும் இலைக்கருகல் வருகிற வேளையும் ஒன்றாக வந்து விழும்.

மாசிப் பட்டத்தில் நோய் குறைவு. மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28-இல் மூடி ஜூன் 12-இல் திறப்பதால் நடுவில் ஆற்றில் தண்ணீர் இருக்காது. போர்க் கிணறோ பில்டர் பாயிண்ட் என்கிற ஆழமில்லாத குழாய்க் கிணறோ இருந்தால்தான் மாசியில் நடவேண்டும். முதல் தடவை போடுகிறவர்கள் மாசியில் தொடங்குவது நல்லது. ஆவணியில் வெட்டின கிழங்கு கெட்டுப்போகாமல் சில வாரம் இருக்கும், புரட்டாசியில் மகாளயத்துக்குத் திவசச் சமையலுக்கென்று தேடி வாங்குவார்கள்.

விதைக்கிழங்கு

தாய்க்கிழங்கைச் சுற்றி ஒட்டியிருக்கும் பக்கக்கிழங்குதான் விதை. ஒன்று 25 முதல் 35 கிராம் இருக்கவேண்டும், பெருநெல்லிக்காய் அளவு என்று வைத்துக்கொள்ளலாம். அதைவிடச் சிறியது முளைத்தாலும் செடி நோஞ்சானாக வரும். பெரியதை நடுவது காசை மண்ணில் புதைப்பது. மாவுக்கு 5,000 கிழங்கு, எடையில் 150 கிலோ.

திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் உள்ள மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் ஸ்ரீ ரஷ்மி, ஸ்ரீ பல்லவி, ஸ்ரீ கிரண் என்று ரகங்கள் வெளியிட்டிருக்கிறது. இலைக்கருகலைத் தாங்க முக்தகேசி என்றொரு ரகம் உண்டு. ஆனிப் பட்டம் போடுகிறவர்கள் விதை கிடைத்தால் அதைக் கொஞ்சமாவது போட்டுப் பார்க்கலாம். நாட்டு ரகம் வாங்கினால், போன போகத்தில் அந்த வயல் எப்படி இருந்தது என்று விசாரித்து வாங்குங்கள். இலையில் நரம்பை ஒட்டிக் கோழி இறகு போல வெளிறிய கோடு ஓடியிருந்தால் அது தேமல் நோய், விதையோடு கூடவே வரும். மருந்தடித்துப் போக்க முடியாது.

புதிதாக வெட்டின கிழங்கை உடனே நடக்கூடாது. அதற்கு ஓர் உறக்கம் உண்டு. உடனே நட்டால் ஒன்று பத்து நாளில் முளைக்கும், பக்கத்தில் இருப்பது ஒன்றரை மாதம் படுத்திருக்கும், பிறகு களை எடுப்பதும் உரம் வைப்பதும் எந்தக் கணக்கிலும் வராது. இரண்டு, மூன்று மாதம் நிழலில், காய்ந்த ஆற்று மணலில் ஒரே அடுக்காகப் பரப்பி வையுங்கள். சாக்கில் கட்டி வைத்தால் நடுவில் இருப்பது வியர்த்து அழுகும். ஆனி நடவுக்கு விதை வைக்க ஒரு வழி: மார்கழி வெட்டில் ஓரத்து வரிசை ஒன்றை வெட்டாமல் மண்ணிலேயே விட்டு, தண்ணீர் காட்டாமல் இருந்து, பங்குனியில் எடுத்து மணலில் வைத்தால் அவ்வளவாகச் சுருங்காது.

நடுவதற்கு முதல்நாள் சாணக் கரைசலில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சாணத் தூளைக் கலந்து (கிலோ கிழங்குக்கு 5 கிராம்) நனைத்து நிழலில் உலர்த்துங்கள். கிழங்கில் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. அதை ஒதுக்கிவிடுவது மேல், கழுவிச் சேர்க்க நினைக்கவேண்டாம்.

நடவு

இரண்டு மூன்று உழவு ஓட்டி, கடைசி உழவில் மக்கின தொழுஉரம் ஒன்றரை டன், மாட்டுவண்டிக் கணக்கில் மூன்று வண்டி போடுங்கள். மக்காத சாணம் போட்டால் வண்டுப்புழு சேரும், கிழங்கைச் சுரண்டும். 2 அடிக்கு ஒரு பார் (நீள மண்மேடு) பிடித்து, பாரின் மேல் ஒன்றரை அடிக்கு ஒரு கிழங்கு. முளைக்கண் மேல் பார்த்திருக்க, மூன்று விரல் ஆழத்தில் வைத்து மண்ணைத் தள்ளி மூடினால் போதும். ஆழமாகப் புதைத்தால் முளை வெளியே வருவதற்குள் கிழங்கிலுள்ள சத்து தீர்ந்துபோகும். மேலாக வைத்தால் முதல் தண்ணீரிலேயே வெளியே தெரியும்.

நட்ட கையோடு மூடாக்கு போடுங்கள். வைக்கோல் போடலாம், காய்ந்த வாழைச்சருகு இன்னும் நல்லது. படுகையில் அதற்குப் பஞ்சமே இல்லை. நாலு விரல் கனத்துக்குப் பரப்பினால் மாசி வெயிலில் பாதித் தண்ணீர் மிச்சமாகும், கோரையும் அடங்கும். முளைக்க இரண்டு, மூன்று வாரம் ஆகும். அதுவரை மண் காயக்கூடாது, சேறாகவும் கூடாது. முளைக்காத இடத்தில் வைக்க ஓரமாக நூறு, நூற்றைம்பது கிழங்கை நெருக்கமாகப் பதித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாழைக்கு ஊடுபயிராகவும் இதைப் போடலாம், அரைநிழல் இதற்குப் பிடிக்கும். வாழை இலை மூடி காற்றோட்டம் நின்ற பிறகும் சேம்பு உள்ளே இருந்தால் இலைக்கருகலுக்குப் பாய் விரித்துக் கொடுத்தது போல. வாழைக்கன்று வைத்த அன்றே சேம்பையும் நட்டு, ஆறாவது மாதம் எடுத்துவிடுவது மாதிரி திட்டம் போடுங்கள்.

தண்ணீர்

மாசிப் பயிருக்கு ஐந்து, ஏழு நாளுக்கொரு தண்ணீர். மணல் கூடுதலான இடத்தில் நாலு நாளுக்கு ஒருமுறை. பார்களுக்கு நடுவே உள்ள சாலில் முக்கால் உயரம் ஓடி, அன்று சாயங்காலத்துக்குள் வடிந்து, மறுநாள் காலை சாலில் நடந்தால் கால் புதையாமல் இருப்பதுதான் அளவு. ஒரு சாண் ஆழத்தில் மண்ணை எடுத்துப் பிடித்துப் பாருங்கள். உருண்டையாகி, விரலால் தட்டினால் உடைந்தால் இன்னும் இரண்டு நாள் பொறுக்கலாம். உருண்டையே ஆகவில்லையென்றால் தாமதித்துவிட்டீர்கள்.

தண்ணீரை ஒருமுறை காயவிட்டு அடுத்தமுறை கொட்டினால் கிழங்கே அதைக் காட்டிக்கொடுக்கும். காய்ந்த நாட்களில் பருமன் நின்று, தண்ணீர் கிடைத்ததும் மறுபடி பருக்கும். நடுவில் இடுப்பு ஒடுங்கி உடுக்கை மாதிரி ஆகிவிடும். அந்தக் கிழங்கைச் சந்தையில் தனியாகக் கழித்துப் போடுவார்கள். ஒடுங்கின இடத்தை வைத்தே எந்த மாதம் தண்ணீர் விட்டுப்போனது என்று சொல்லிவிடலாம்.

ஆனிப் பயிருக்கு வேலையே வேறு. ஐப்பசி பிறப்பதற்கு முன் பத்துப் பாருக்கு ஒரு குறுக்குச் சால், ஓர் அடி ஆழம், வடிகாலில் போய் விழுகிற மாதிரி வெட்டி வையுங்கள். வடிகால் வாய் தூர்ந்து கிடந்தால் வயலுக்குள் எத்தனை சால் வெட்டியும் பிரயோசனமில்லை. மழைக்கு முன் போய் அதைப் பாருங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் தண்ணீர் நின்றால் அடியிலைகள் ஒரே நாளில் மஞ்சளாகும். செடியைப் பிடித்து இழுத்தால் கையோடு வரும், அடி கூழாகி நாற்றமெடுக்கும். அதுதான் அழுகல். அந்தச் செடியைச் சுற்றி உள்ளதையும் சேர்த்து எடுத்து வயலுக்கு வெளியே போடுங்கள், வாய்க்காலில் வீசவேண்டாம். அடுத்த வயலுக்குத் தண்ணீர் அதே வழியாகத்தான் போகிறது.

உரமும் மண் அணைப்பும்

ஏக்கருக்குத் தழைச்சத்து 32, மணிச்சத்து 10, சாம்பல் சத்து 40 கிலோ என்பது ஆராய்ச்சி நிலையத்துப் பரிந்துரையை ஒட்டிய கணக்கு. மாவுக்கு மாற்றினால் யூரியா 23, சூப்பர் பாஸ்பேட் 21, பொட்டாஷ் 22 கிலோ. முளைத்து ஒரு வாரம் ஆனதும் சூப்பர் முழுவதையும், யூரியாவிலும் பொட்டாஷிலும் பாதியையும் வையுங்கள். மிச்சத்தை ஒரு மாதம் கழித்து, களையெடுத்து மண் அணைக்கும்போது வையுங்கள். இலை பச்சைப்பசேல் என்று இருக்கவேண்டுமென்று மூன்றாவது தடவை யூரியா போடுவது இங்கே பழக்கம். அப்படிச் செய்தால் இலைதான் பெருக்கும், கிழங்கு நிற்காது, நோயும் முதலில் அந்த வயலைத்தான் தேடி வரும். பொட்டாஷைத்தான் குறைக்கக்கூடாது, கிழங்குக்கு மாவு சேர்ப்பது அது.

மண் அணைப்பதைப் பலர் பேருக்குச் செய்கிறார்கள். பக்கக்கிழங்கு மேலே தெரிந்து வெயில் பட்டால் பச்சையாகி, அதுவே இலை விட்டுத் தனிச் செடியாகக் கிளம்பும். அப்புறம் அது கிழங்காகப் பருக்காது. 45-ஆவது நாள் ஒருமுறையும் 75-ஆவது நாள் ஒருமுறையும், செடியின் அடியில் நாலு விரல் உயரத்துக்கு இரண்டு பக்கமும் மண்ணேற்றுங்கள். அப்போதே சுற்றிக் கிளம்பியிருக்கும் சின்னச் சின்னப் பக்கக் கன்றுகளை ஒடித்துவிடுங்கள். ஒரு செடிக்கு நடுத்தண்டோடு ஒன்றிரண்டு கன்று போதும். மூன்று மாதத்துக்குப் பிறகு களைக்கொத்தை அடியில் விடவேண்டாம். காயம் பட்ட கிழங்கு அங்கேயே அழுகத் தொடங்கும்.

இலைக்கருகல்

இந்தப் பயிரில் பெரிய பயம் இதுதான். பூசணம் பெயர் ஃபைட்டோஃப்தோரா. இரவில் குளிர்ந்து, பகலில் மப்பும் தூறலுமாக இரண்டு மூன்று நாள் இருந்தால் போதும், ஒரு மூலையில் தொடங்கி ஒரு வாரத்தில் வயலையே சுருட்டிவிடும்.

காலை ஆறு, ஆறரை மணிக்கு, வெயில் ஏறுமுன் போய் இலையைத் திருப்பிப் பாருங்கள். முதலில் நீரில் நனைந்த மாதிரி ஒரு பொட்டு, காலணா அளவு. மறுநாள் பழுப்பாகி வளையம் வளையமாக விரியும். விளிம்பில் வெள்ளையாக ரோமம் போல ஒரு கோடு தெரியும், வெயில் வந்ததும் அது மறைந்துவிடும். பொட்டிலிருந்து மஞ்சளும் ஆரஞ்சுமாகத் துளித்துளியாக நீர் கசியும். மத்தியானம் பார்த்தால் அது காய்ந்து, வேலமரப் பிசின் ஒட்டிய மாதிரி கெட்டியாக இருக்கும். இந்தப் பிசின் துளி இருந்தால் சந்தேகமே வேண்டாம். பத்து மணிக்கு மேல் வரப்பில் நின்று பார்க்கிறவர்களுக்கு வெறும் வெயில் கருகல் மாதிரித் தெரியும், அதில்தான் நாலு நாள் போய்விடும்.

பொட்டு விழுந்த இலைகளை அன்றே அறுத்துச் சாக்கில் போட்டு வெளியே கொண்டுபோய் எரியுங்கள். பிறகு மான்கோசெப் என்ற பூசண மருந்து லிட்டருக்கு 2 கிராம். இங்கே ஒரு விஷயம் தவறினால் மருந்து முழுக்க மண்ணுக்குத்தான் போகும். சேம்பு இலை தாமரை இலைக்குச் சொந்தம், மேலே மெழுகு பூசியிருக்கும். மருந்து முத்து முத்தாக உருண்டு விழுந்துவிடும். ஒட்டும் திரவம் லிட்டருக்கு அரை மில்லி சேர்த்து, கைத்தெளிப்பானின் மூக்கை நுண்துளியாகத் திருகி, இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். மழை விட்டு விட்டுப் பெய்தால் பத்துப் பதினைந்து நாளில் மறுபடி அடிக்கவேண்டியிருக்கும். வயலில் பாதிக்கு மேல் பரவிவிட்டால் மெட்டலாக்ஸில் கலந்த மருந்து, டப்பாவில் உள்ள அளவுப்படி. அதையே திரும்பத் திரும்ப அடித்தால் பூசணம் பழகிக்கொள்ளும். மருந்தடித்த வயலிலிருந்து இலையோ தண்டோ சமையலுக்குப் பறிக்கக்கூடாது.

மற்ற பூச்சிகள் இவ்வளவு தொல்லை இல்லை. இலை தின்னும் புரொடீனியாப் புழுவின் தாய்ப்பூச்சி இலையடியில் பழுப்பு மயிர் மூடிய முட்டைக் குவியலாக வைக்கும், அந்த இலையோடு கிள்ளி எடுங்கள். வரப்பில் ஆமணக்கு நட்டால் தாய்ப்பூச்சி பாதி அங்கே போய்விடும். அசுவினிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல்.

வெட்டுவது

ஐந்தரை, ஆறு மாதத்தில் அடியிலைகள் மஞ்சளித்து, புது இலை சிறியதாக வரத் தொடங்கும். செடியே உயரம் குறைந்த மாதிரி தெரியும். வெட்டுவதற்கு மூன்று, நாலு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். நிறுத்தாமல் வெட்டினால் கிழங்கு பார்க்கக் கொழுகொழு என்று இருக்கும், வேகவைத்தால் குழையும், வைத்திருந்தால் பத்து நாளில் முளைவிடும். ஓர் அடி தள்ளி மண்வெட்டியை இறக்கி, கொத்தோடு நெம்பி எடுத்து, கையால் பிரிக்கவேண்டும். கழுவக்கூடாது. கழுவின கிழங்குக்கு அன்றைய விலை நன்றாக இருக்கலாம், மூன்றாம் நாள் வியாபாரி போன் செய்வார். மண்ணோடு நிழலில் இரண்டு, மூன்று நாள் ஆறவிட்டு மண்ணைத் தட்டிவிட்டு மூட்டை பிடியுங்கள். பயிர் நன்றாக அமைந்தால் மாவுக்கு 2 டன் வரை எதிர்பார்க்கலாம்.

தாய்க்கிழங்கைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். அது கட்டை, சீராக வேகாது, அரிப்பும் கூட. பக்கக்கிழங்கோடு கலந்து அனுப்பினால் அடுத்த தடவை மூட்டையைக் கொட்டிப் பார்த்துத்தான் எடுப்பார்கள்.

அடுப்படி

அரிப்புக்குக் காரணம் கிழங்கில் உள்ள கால்சியம் ஆக்ஸலேட். ஊசி ஊசியாகத் தோலில் குத்தும். ஈரக்கையோடு பச்சைக் கிழங்கைத் தொட்டால் அதிகம் அரிக்கும். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், அல்லது வெந்த பிறகு தோலை உரியுங்கள். அரித்துவிட்டால் புளித்தண்ணீரில் கையைத் தேய்க்கலாம். அரைவேக்காடுதான் தொண்டையைப் பிடிக்கும்.

வாங்கும்போது ஒரே அளவாக, அழுத்தினால் கல் மாதிரி இருப்பதாக, மண் காய்ந்திருப்பதாகப் பொறுக்குங்கள். பெரிதும் சிறிதுமாகப் போட்டால் ஒன்று கூழாகும், ஒன்று வேகாது. குக்கரில் தண்ணீரில் மூழ்கவிட்டு நாலு விசில் விடுவதுதான் குழைவதற்குக் காரணம். இட்லித்தட்டில் தோலோடு வைத்து ஆவியில் 18 முதல் 20 நிமிடம். கத்தி முனை லேசாகத் தடுத்து உள்ளே இறங்கினால் எடுத்துவிடுங்கள். சூட்டோடு தோலுரித்து, ஒரு மணி நேரம் திறந்தபடி ஆறவையுங்கள். ஆறினால் மாவு இறுகி வழவழப்பு அடங்கும். ஆறாமல் வாணலியில் போட்டால் எவ்வளவு எண்ணெய் விட்டாலும் ஒட்டிப் பிசையும்.

வறுவலுக்கு அரை கிலோ கிழங்கு. நீளவாக்கில் இரண்டாக நறுக்கி, மிளகாய்த்தூள் ஒன்றரை டீஸ்பூன், மஞ்சள்தூள் கால், பெருங்காயம், உப்பு, அரிசிமாவு ஒரு மேசைக்கரண்டி போட்டுப் புரட்டுங்கள். இரும்பு தோசைக்கல்லில் நாலு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு ஒரே அடுக்காகப் பரப்பி, நாலு நிமிடம் தொடாமல் விடுங்கள். கிளறிக்கொண்டே இருந்தால் மொறுமொறுப்பு வராது. ஒரு பக்கம் சிவந்த பிறகு திருப்புங்கள்.

மோர்க்குழம்புக்கு கால் கிலோ போதும். துவரம்பருப்பு ஒரு மேசைக்கரண்டி, பச்சரிசி, தனியா ஒவ்வொரு டீஸ்பூன் அரை மணி ஊறவைத்து, அரை மூடித் தேங்காய், நாலு பச்சை மிளகாய், அரை டீஸ்பூன் சீரகம், சின்னத் துண்டு இஞ்சி சேர்த்து மைய அரைத்து, அரை லிட்டர் புளித்த மோரில் கரையுங்கள். மஞ்சள்தூள், உப்பு போட்டு, வெந்த கிழங்கையும் சேர்த்து இளந்தீயில் வைத்து, நுரை கூடி மேலே வந்ததும் இறக்கிவிடவேண்டும். கொதித்தால் திரியும். தேங்காயெண்ணெயில் கடுகு, வெந்தயம், மிளகாய் வற்றல், கறிவேப்பிலை தாளியுங்கள். மோரில் உள்ள கால்சியம் கிழங்கின் கரையும் ஆக்ஸலேட்டைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் இந்தச் சேர்க்கை உடம்புக்கும் ஒத்துவரும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் நறுக்கி வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அளவாகச் சாப்பிடலாம். இலையில் ஆக்ஸலேட் இன்னும் கூடுதல், அவர்கள் அதைத் தொடவேண்டாம்.

மார்கழித் திருவாதிரைக்கு ஏழுகறிக் கூட்டில் சேர்க்கும்போது மட்டும் ஆறவைக்கவேண்டியதில்லை. பூசணி, அவரை எல்லாம் வெந்து புளியும் கொதித்த பிறகு கடைசியாகச் சேர்த்து, ஒரே கொதியில் இறக்குங்கள். முதலிலேயே போட்டால் கூட்டு முழுக்கக் கிழங்கு கரைந்து, மற்ற ஆறு காய்க்கும் அடையாளம் இருக்காது.